இன்னும் சக்தி மிச்சம் இருக்கும்போதே இசிஎம் ஏன் இழுவையை நிறுத்துகிறது?

கேள்வி இது: ரியர் வீல் டிரைவ் பெட்ரோல் வண்டி. நேரான சாலையில் ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும், யாரோ பெட்ரோலை மூடிவிட்ட மாதிரி இழுவை நின்றுவிடுகிறது. வேகம் கொஞ்சம் இறங்கியதும் திரும்ப இழுக்கிறது. டாக்கோமீட்டர் (எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டர்) ஊசிக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவே இன்னும் நிறைய இடம் இருக்கிறது. எஞ்சினுக்கு ஆபத்து இல்லையென்றால் இசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எதைக் காப்பாற்றுகிறது? அந்த லிமிட்டை எடுத்துவிடலாமா?

வண்டியில் சுழலும் பாகங்களில் எது முதலில் உடையுமோ, பெரும்பாலும் அதை வைத்துத்தான் வேக லிமிட்டைப் போடுகிறார்கள். அது எஞ்சினாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல வண்டிகளில் அது புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் நீளக் குழாய்) அல்லது டயர். ஆகவே எடுக்கலாமா என்று கேட்பதற்கு முன்னால், அந்த எண் எந்தப் பாகத்தினுடையது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு நான் பார்த்தவற்றில் மிகத் தெளிவான உதாரணம் அமெரிக்கப் போலீஸ் கார், ஃபோர்டு கிரவுன் விக்டோரியா போலீஸ் இன்டர்செப்டர். 4.6 லிட்டர் வி8, ரியர் வீல் டிரைவ். 2011-ல் தயாரிப்பு நின்றது. 2000-களில் வந்த மாடல்களில் பின் ஆக்சில் இரண்டு விகிதத்தில் கிடைத்தது. 3.27 ஆக்சில் போட்ட வண்டியை இசிஎம் மணிக்கு 129 மைலில், அதாவது சுமார் 208 கிலோமீட்டரில் நிறுத்தும். 3.55 போட்ட வண்டியை 119 மைலிலேயே, சுமார் 192 கிலோமீட்டரில் நிறுத்திவிடும். அதே எஞ்சின், அதே டயர், அதே பாடி. பிறகு ஏன் 10 மைல் வித்தியாசம்?

பெருக்கிப் பாருங்கள். 129 × 3.27 = 421.8. 119 × 3.55 = 422.5. இரண்டும் ஒன்றுதான். ஆக்சில் விகிதம் என்பது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு. வேகத்தையும் விகிதத்தையும் பெருக்கினால் வருவது ஷாஃப்டின் சுழற்சிக்கு நேர் விகிதம். அந்த வண்டியின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் உருளும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு வண்டியிலும் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 5,400 சுற்றில் இருக்கும்போது இசிஎம் கையை உயர்த்துகிறது. மீட்டரில் தெரிவது மைல். கணக்கில் இருப்பது ஷாஃப்ட் ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது.

ஷாஃப்டுக்கு என்ன ஆகும்? ஸ்கிப்பிங் கயிற்றின் இரு முனையையும் பிடித்துச் சுற்றினால் நடுப்பகுதி வெளியே வளைகிறதே, அதேதான். எவ்வளவு நன்றாக பேலன்ஸ் செய்த குழாய்க்கும் இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. சுழலும் வேகம் அதைத் தொட்டதும் குழாய் வில்லாக வளையத் தொடங்கும். வளைந்ததால் எடை மையத்தை விட்டு விலகும், விலகியதால் இன்னும் வளையும். இதைத்தான் கிரிட்டிகல் ஸ்பீடு என்கிறோம். அங்கே கொஞ்ச நேரம் நின்றாலே யூ-ஜாயின்ட் கிராஸ் (ஷாஃப்டின் முனையில் மடங்கிச் சுழலும் இணைப்பின் சிலுவைத் துண்டு) உடையும், கியர்பாக்ஸின் வால் பக்க ஹவுசிங் விரியும். ஷாஃப்டின் முன்முனை கழன்று ரோட்டில் குத்தினால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை.

இந்த எண்ணை முடிவு செய்வது முக்கியமாகக் குழாயின் நீளமும் விட்டமும். விட்டம் கூடினால் அதே விகிதத்தில் கூடும். நீளம் கூடினால் நீளத்தின் வர்க்கத்தில் குறையும். 76 மி.மீ. விட்டமுள்ள மெல்லிய இரும்புக் குழாய், ஜாயின்ட் மையத்திலிருந்து ஜாயின்ட் மையம் வரை 1.5 மீட்டர் என்றால், கிரிட்டிகல் ஸ்பீடு கணக்குப்படி சுமார் 5,650 ஆர்பிஎம். அதையே 1.8 மீட்டர் ஆக்கினால் 3,930-க்கு இறங்கிவிடும். முப்பது சென்டிமீட்டர்தான் கூட்டினோம். லாரி, பஸ்ஸில் ஷாஃப்டை இரண்டு மூன்று துண்டாக்கி நடுவில் சென்டர் பேரிங் தொங்கவிடுவதற்கு இதுவே பெரிய காரணம். இன்னொன்று: இதே அளவுக் குழாயை அலுமினியத்தில் செய்தால் எண் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறாது. விறைப்புக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம் இரண்டு உலோகத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். எடை கூடாமல் பெரிய விட்டத்துக்குப் போகலாம் என்பதே அலுமினியத்தின் லாபம். கார்பன் ஃபைபரில்தான் எண் நிஜமாகவே தாவும்.

இந்தக் கணக்குக் குழாய் புதிதாக, நேராக, சுத்தமாக இருக்கும்போது பொருந்தும். நடைமுறையில் நடுவில் 30 கிராம் சேறோ அண்டர்கோட்டிங் தாரோ ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். மையத்திலிருந்து 45 மி.மீ. தள்ளி ஒட்டியிருக்கும் அந்த 30 கிராம், 5,400 ஆர்பிஎம்மில் ஷாஃப்டை வெளியே இழுக்கும் விசை சுமார் 44 கிலோ எடைக்குச் சமம். அதுவும் நொடிக்கு 90 தடவை திசை மாறும் 44 கிலோ. பாதி வேகத்தில் அது 11 கிலோதான். அதனால்தான் 100-ல் சாதுவாக ஓடிய வண்டி 180-ல் தரையை உதறுகிறது. நிறுவனங்கள் லிமிட்டை கிரிட்டிகல் ஸ்பீடுக்கு நன்றாகக் கீழேயே போடுவதும் இதனால்தான்.

ஓட்டுகிறவருக்கு இது காதில் கேட்காது என்பதுதான் சங்கடம். அந்த ஃபோர்டில் இருந்த 4ஆர்70டபிள்யூ கியர்பாக்ஸின் ஓவர்டிரைவ் (ஷாஃப்டைவிட எஞ்சின் மெதுவாகச் சுற்றும் மேல் கியர்) விகிதம் 0.70. ஷாஃப்ட் 5,400-ல் இருக்கும்போது ஓவர்டிரைவில் எஞ்சின் 3,800-ஐக்கூட எட்டியிருக்காது. எஞ்சின் அமைதியாக இருக்கிறது, டாக்கோமீட்டர் பாதியில் நிற்கிறது, அடியில் ஷாஃப்ட் மட்டும் எல்லையில் நிற்கிறது. உங்கள் கேள்வியில் உள்ள காட்சியும் இதே மாதிரிதான் தெரிகிறது.

லிமிட்டை யாரும் தொடாமலே பாதுகாப்பு போய்விடும் ஒரு வழியும் இருக்கிறது. பிக்கப்புக்காக ஒருவர் 3.27 ஆக்சிலை எடுத்துவிட்டு 4.10 போடுகிறார். வேக சென்சார் கியர்பாக்ஸின் அவுட்புட் ஷாஃப்டில் இருக்கும் வண்டி இது. ஆக்சிலை மாற்றியதும் மீட்டர் நிஜத்தைவிட அதிக வேகம் காட்டும். ஆனால் கட் விழும் இடம் ஷாஃப்ட் கணக்கில் பழையதே. தொல்லை உண்டு, ஆபத்து இல்லை. பிறகு ஸ்கேனரைப் போட்டு மீட்டரைச் சரிசெய்கிறார். இப்போது 208 என்றால் நிஜமான 208. அந்த நிஜமான 208-ல் ஷாஃப்ட் 5,400 × 4.10 ÷ 3.27, அதாவது சுமார் 6,770 சுற்று. மீட்டரைத் திருத்தியபோது லிமிட்டையும் விகிதப்படி இறக்கியிருக்க வேண்டும். பெரும்பாலும் இறக்குவதில்லை.

டயர் விஷயம் எளிது. பக்கச்சுவரில் 205/55 ஆர்16 91வி என்று இருந்தால் 91 என்பது ஒரு டயருக்கு 615 கிலோ, வி என்பது மணிக்கு 240 கி.மீ. வரை. எஸ் 180, டி 190, எச் 210. எல்லைக்கு மேல் போனால் ரோட்டைத் தொட்டு வளைந்த ரப்பர், அடுத்த சுற்றுக்குள் பழைய வடிவத்துக்குத் திரும்ப நேரம் கிடைக்காமல் அலையாக எழும். அந்த அலை முழுக்கச் சூடாக மாறி ட்ரெட் (ரோட்டைத் தொடும் ரப்பர் பட்டை) பிரியும். கம்பெனி எந்த டயர் போட்டு அனுப்பியதோ அதற்குத்தான் லிமிட். நீங்கள் விலை குறைந்த டி ரேட்டிங் டயரை மாட்டியது இசிஎம்முக்குத் தெரியாது. காற்று குறைவாக இருப்பதும் அந்த லிமிட்டின் கணக்கில் இல்லை.

இனி எஞ்சின். இங்கே லிமிட் எதற்கு என்பதை ஒரு பிஸ்டனை வைத்துப் பார்க்கலாம். ஸ்ட்ரோக் 80 மி.மீ.; பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்த்து 400 கிராம். 6,000 ஆர்பிஎம்மில் அது மேல் முனையில் நின்று திரும்பும் கணத்தில் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை சுமார் 840 கிலோ எடைக்குச் சமம். 7,000-ல் அது 1,140. ஆர்பிஎம் ஆறில் ஒரு பங்கு கூடியது, விசை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிட்டது. வர்க்கத்தில் ஏறும் கணக்கு இது. கம்ப்ரெஷன் முடிவில் எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளி அந்த இழுப்பைச் சமன் செய்யும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவில் தள்ள ஒன்றும் கிடையாது. முழு இழுப்பும் ராடு போல்ட்டில் விழும். பெட்ரோல் கட் ஆகி, திராட்டில் மூடி, எஞ்சின் சும்மா சுற்றினாலும் இந்த இழுப்பு குறையாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; கொஞ்சம் பொறுத்துத் தேவைப்படும்.

ராடுக்கு முன்னால் வால்வே கைவிட்டுவிடுவதும் உண்டு. 6,000-ல் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. ஒரு வேகத்துக்கு மேல் கேம் (வால்வைத் தள்ளித் திறக்கும் முட்டை வடிவத் துண்டு) முகத்தை ஒட்டியே வால்வைக் கொண்டுவர ஸ்பிரிங்கால் முடியாது, வால்வு மிதக்கும். பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தைப் பங்கு போடும் எஞ்சின்களில் மிதந்த வால்வைப் பிஸ்டன் வந்து இடிக்கும், வால்வு வளையும்.

இசிஎம் ஆர்பிஎம்மை அறிவது கிராங்க் சென்சார் வழியாக. பரவலாக இருப்பது 60 பல் இடமுள்ள சக்கரம், அதில் இரண்டு பல் வேண்டுமென்றே விட்டிருக்கும். பல்லுக்கு 6 டிகிரி. 6,000-ல் ஒரு சுற்றுக்கு 10 மில்லிசெகண்ட் என்பதால் ஒரு பல் 0.17 மில்லிசெகண்டில் கடந்துவிடும். அளவு அவ்வளவு துல்லியம், நிறுத்துவதில்தான் தாமதம். ஏற்கெனவே பெட்ரோல் பீய்ச்சிய சிலிண்டர் எரிந்தே தீரும். முதல் கியரில் ஊசி சட்டென்று ஏறுவதால் கட் விழுந்த பிறகும் சற்று ஏறித்தான் நிற்கும்.

நிறுத்தும் வழி வண்டிக்கு வண்டி மாறும். கார்புரேட்டர் பைக்கில் சிடிஐ யூனிட் (ஸ்பார்க் கொடுக்கும் மின்பெட்டி) ஸ்பார்க்கை மட்டும் வெட்டும். வேறு வழியும் இல்லை. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி) உள்ள காரில் அப்படிச் செய்தால் எரியாத பெட்ரோலும் காற்றும் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து உள்ளே இருக்கும் செராமிக்கை உருக்கிவிடும். அதனால் அங்கே வெட்டுவது இன்ஜெக்டரை. அதையும் பாதியாகக் குறைக்கக் கூடாது. பெட்ரோலைக் கொஞ்சம் மட்டும் குறைத்தால் கலவை லீன் ஆகி (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு), முழு லோடில் பிஸ்டன் மேல்பகுதி சூடாகும். அந்தச் சிலிண்டருக்கு முழுதாகக் கொடு, அல்லது முழுதாக நிறுத்து என்பதே விதி. உதாரணத்துக்கு 6,500-ல் வெட்டி 6,400-ல் திரும்பக் கொடுக்கும்படி ஒரு இடைவெளி வைத்திருப்பார்கள். பழைய வண்டியில் வெட்டி வெட்டி இழுப்பது அந்த இடைவெளிதான். எலக்ட்ரானிக் திராட்டில் வந்த பிறகு இசிஎம் முதலில் திராட்டிலை மூடிக்கொண்டே வரும், ஸ்பார்க்கைப் பின்தள்ளும், இன்ஜெக்டரைக் கடைசியில்தான் தொடும். அதனால் புது வண்டியில் லிமிட் விழுவதே தெரியாது. ஆக்சிலேட்டரை மிதித்தும் ஏறாமல் நிற்கும், அவ்வளவுதான். பல ஆட்டோமேட்டிக் வண்டிகள் நியூட்ரலில் ரேஸ் செய்தால் 4,000 வாக்கிலேயே நின்றுவிடுவதும் இதே ஏற்பாடு.

இசிஎம்மால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: எஞ்சின் தானாக உண்டாக்கும் சக்தியை நிறுத்துவது. சக்கரம் எஞ்சினைச் சுற்றும்போது அதனிடம் ஆயுதம் இல்லை. ஐந்தாவது கியரில் 4,000-ல் போகும்போது நான்காவது என்று நினைத்து இரண்டாவதில் போட்டு கிளட்ச்சை விட்டால், விகிதம் 0.8-லிருந்து 1.9-க்குத் தாவும், எஞ்சின் 9,500-க்கு இழுத்துப்போகப்படும். இன்ஜெக்டர் எல்லாம் கட் ஆகியிருக்கும், ஸ்கேனரில் லிமிட் வேலை செய்ததாகவே காட்டும், ராடு மட்டும் பிளாக்கைத் துளைத்து வெளியே இருக்கும். மேலே சொன்ன எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் இழுப்பு இங்கேதான் கொல்கிறது. மலையிறக்கத்தில் லோடு லாரியைச் சின்ன கியரில் விட்டு எஞ்சின் பிரேக்கை நம்பி இறங்குகிறவர்கள் ஊசியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதும் இதற்காக. அங்கே லிமிட்டர் கால் பிரேக்தான்.

டீசலில் கதை கொஞ்சம் வேறு. பெட்ரோல் எஞ்சினைக் காற்று கட்டுப்படுத்தும். டீசல் எஞ்சினில் காற்று தாராளம், டீசலின் அளவுதான் கடிவாளம். அதனால் எலக்ட்ரானிக்ஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பே பம்ப்பில் கவர்னர் (சுற்றைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) கட்டாயம். காமன் ரெயிலில் (எலக்ட்ரானிக் இன்ஜெக்டர் உள்ள புது டீசல் எஞ்சினில்) இசிஎம் எல்லைக்கு அருகில் டீசலைப் படிப்படியாகக் குறைக்கும், கட் என்று உதறாது. ஆனால் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) சீல் போய் எஞ்சின் ஆயில் காற்றுக்குழாய் வழியாக உள்ளே போனால் அதுவே எரிபொருள். சாவியை அணைத்தாலும் ஓடும், ரேஸ் ஏறிக்கொண்டே போகும். கியர் வண்டியாக இருந்தால் பிரேக்கை முழுதாக மிதித்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டு அமுக்கி நிறுத்தலாம். ஆட்டோமேட்டிக்கில் அது முடியாது. காற்று உள்ளே போகும் வாயைக் கெட்டியான பலகையால் அடைக்க வேண்டும், அல்லது கார்பன் டை ஆக்சைடு அணைப்பானை அதற்குள் அடிக்க வேண்டும். துணியையோ கையையோ கொண்டுபோகக் கூடாது, இழுத்துக்கொள்ளும்.

டர்போவுக்கும் தனி லிமிட் உண்டு. லே பக்கத்தில் 5,000 மீட்டருக்கு மேல் உள்ள கணவாய்களில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறையப் பாதிதான். அதே பூஸ்ட்டுக்கு, அதாவது அதே காற்றழுத்தத்துக்கு, டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அது எல்லை மீறாமலிருக்க இசிஎம் அங்கே டீசலைக் குறைக்கிறது. மலையில் இழுவை குறைவதில் ஒரு பங்கு இந்தக் குறைப்பு.

எல்லா லிமிட்டும் பாகத்தைக் காப்பாற்ற வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மன் கார்களின் 250 கி.மீ. நிறுவனங்கள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டது. நம் ஊர் லாரி, பஸ்ஸின் 80 கி.மீ. ஸ்பீடு கவர்னர் மத்திய மோட்டார் வாகன விதி 118-ன்படி வந்தது. பள்ளி வண்டி, டேங்கர், டம்பருக்கு 60. இவற்றை மீறினால் ஷாஃப்ட் உடையாது. ஆனால் சட்டமும் இன்சூரன்ஸும் வேறு கணக்குப் பார்க்கும்.

உங்கள் வண்டியில் விழுவது லிமிட்டா பழுதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். லிமிட் என்றால் எப்போதும் அதே வேகத்தில் விழும். ஏற்றமோ இறக்கமோ, ஏசி ஓடுகிறதோ இல்லையோ, ஓரிரு கிலோமீட்டருக்கு மேல் மாறாது. செக் எஞ்சின் விளக்கு எரியாது. ஃபியூயல் ஃபில்டர் அடைப்பு, பம்ப் அழுத்தக் குறைவு என்றால் லோடைப் பொறுத்து விழும் இடம் மாறும், ஏற்றத்தில் சீக்கிரம் வரும். லிம்ப் மோடு (பழுது கண்டதும் இசிஎம் சக்தியைக் குறைக்கும் நிலை) என்றால் எல்லா கியரிலும் ஏறக்குறைய ஒரே ஆர்பிஎம்மில் நிற்கும், விளக்கும் எரியும். ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து வேகம், ஆர்பிஎம், ஆக்சிலேட்டர் பெடல், திராட்டில், இக்னிஷன் டைமிங் ஐந்தையும் பதிவு செய்யுங்கள். பெடல் நூறு சதவீதம், திராட்டில் இருபது என்று வந்தால் இசிஎம் வேண்டுமென்றே மூடுகிறது. ஸ்கேனரில் பி0500 என்ற பழுதுக் கோடு இருந்தால் வேக சென்சாரின் சிக்னலில் கோளாறு. பி0219 இருந்தால் எஞ்சின் ஒரு தடவையாவது அளவுக்கு மேல் சுற்றியிருக்கிறது.

லிமிட்தான் என்று உறுதியானதும் டயரின் எழுத்தைப் படியுங்கள். ஆக்சில் விகிதத்தை லிமிட் வேகத்தோடு பெருக்கி, டயர் சுற்றளவால் ஷாஃப்ட் ஆர்பிஎம் கண்டுபிடியுங்கள். அடியில் படுத்து, ஷாஃப்டின் நீளத்தை ஜாயின்ட் மையத்திலிருந்து மையம் வரை அளந்து, விட்டத்தையும் எடுங்கள். குழாயில் நசுங்கல் இருக்கிறதா, ஒட்டிய பேலன்ஸ் வெயிட் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷாஃப்டின் இரு துண்டுகளைக் கழற்றுவதானால் இரண்டுக்கும் குறுக்கே அடையாளக் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். ஸ்ப்லைனில் (துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல் இணைப்பில்) ஒரு பல் மாறி மாட்டினால் இரு முனை யோக்கும் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவை) நேர் தப்பி, சுற்றுக்கு இரண்டு தடவை அதிரும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். சில வண்டிகளில் எல்லை மீறிய சுற்றை இசிஎம் மறப்பதில்லை. பல போர்ஷே கார்களில் அதை ஆறு அடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலும் எத்தனை இக்னிஷன் (ஸ்பார்க்), கடைசியாக எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தபோது என்று எழுதி வைத்திருக்கும். ஆறு சிலிண்டர் எஞ்சினில் சுற்றுக்கு மூன்று இக்னிஷன். 8,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 400. கீழ் அடுக்கில் சில ஆயிரம் என்பது லிமிட்டில் முட்டி ஓட்டியது, கவலை இல்லை. மேல் அடுக்கில் வெறும் 200 இருந்தாலும், யாரோ ஒருவர் அரை நொடிக்குத் தப்பான கியரில் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.